வாழை கிழமைக்குக் கிழமை குலை போடுமா?



சென்ற நோன்பு மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுதுவிட்டு நீர்வேலிக்குப் போயிருந்தேன். எங்கள் பள்ளிவாசலில் நோன்பு திறக்க வருவோருக்கு வாழைப்பழம் வாங்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் வாழைக்குலை என்றால் நீர்வேலி என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். பருத்தித்துறை வீதியில் கோப்பாயைத் தாண்டியதும் செம்மண்ணும் கிணறுகளும் வாழைத் தோட்டங்களுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

ஓர் ஒழுங்கைக்குள் தோட்டம் செய்யும் ஒரு தமிழ்ச் சகோதரியிடம் இரண்டு கதலிக் குலைகளுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். கணவர் இல்லாதவர். ஆறு ஏழு வயதில் ஒரு மகள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒழுங்கை முனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அந்தப் பெண் கையிலிருந்த கத்தியை அப்படியே போட்டுவிட்டு அடுக்களைக்குப் பின்னால் ஓடினார். நான் திகைத்து நின்றேன். மகளோ திகைக்கவில்லை. படலைக்கு வந்து நின்று, ஒருவரும் கேட்காமலே, "அம்மா வீட்டில இல்லை" என்றாள்.

மோட்டார் சைக்கிள் நிற்காமல் போய்விட்டது. யாரோ பக்கத்து வீட்டுப் பையன். சற்றுப் பொறுத்து அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர். செவ்வாய்க்கிழமை எண்டாலே எனக்கு இப்பிடித்தான். விடியவே நெஞ்சு இடிக்கத் தொடங்கிடும்."

செவ்வாய்க்கிழமை அவருடைய கடன் தவணை நாள்.

சகோதரிகளே, கடன்பட்டவன் பேசினால் பொய் பேசுகிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸை நான் எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அதற்கு ஆறு வயதுப் பிள்ளை ஒன்று விளக்கவுரையாக வந்து நிற்கும் என்று அன்றுவரை நினைத்ததில்லை.

அவருடைய கதை நீளமானது. சுருக்கிச் சொல்கிறேன். வாழைக்குட்டி வைக்கவும் கிணற்றுக்கு மோட்டர் போடவும் ஒரு கம்பனியில் 50,000 ரூபா எடுத்தார். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். எடுத்த அடுத்த கிழமையே முதல் தவணை. வாழை குலை தள்ளி முற்றப் பத்து மாதமாவது வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதுவரை கிழமைக்குக் கிழமை பணத்துக்கு எங்கே போவது? வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கிய கூலியில் கொஞ்சம் கட்டினார். ஆட்டை விற்றார். பிறகு அந்தத் தவணையைக் கட்ட இரண்டாவது கம்பனியில் எடுத்தார். இரண்டையும் கட்ட மூன்றாவது.

"குலை வெட்டேக்க அது என்ர குலையில்லை சேர். மூண்டு பேரும் பங்கு போட்டுட்டினம்" என்றார். பிறகு தானாகவே சொன்னார்: "கிழமைக்குக் கிழமை வாழை குலை போடுமே?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன்.

ஏழைப் பெண்ணுக்குச் சிறு கடன் கொடுப்பது நல்ல எண்ணத்தில் தொடங்கிய காரியம்தான். வங்காள தேசத்தில் ஜோப்ரா என்ற கிராமத்தில் 1976இல் பேராசிரியர் முஹம்மது யூனுஸ் தொடங்கிய முயற்சி 1983இல் கிராமீன் வங்கியாயிற்று. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் சேர்த்து நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. ஈடு வைக்க நகையும் உறுதியும் இல்லாத பெண்ணையும் நம்பிப் பணம் கொடுக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்த முறையைப் பார்த்து இலாபத்துக்குக் கடை திறந்தவர்கள் பிறகு வந்தார்கள். இந்தியாவில் ஆந்திராவில் பெண்கள் கடன் மேல் கடன் பட்டு நொடிந்து, 2010 ஒக்டோபரில் அந்த மாநில அரசு அவசரச் சட்டம் போட்டு வசூலைக் கட்டுப்படுத்த வேண்டிய நிலை வந்தது.

நமது வடக்கிலும் அப்படித்தான். 2009இல் யுத்தம் முடிந்தது. வீடில்லை, தொழிலில்லை, பல வீடுகளில் ஆண் துணையும் இல்லை. வங்கிக்குப் போனால் பிணையாளி கேட்பார்கள். இந்தக் கம்பனிகளோ பெண்களின் வாசலுக்கே வந்தன. அடையாள அட்டைப் பிரதியும் கையெழுத்தும் போதும் என்றார்கள். எந்தப் பெண் வேண்டாம் என்பாள்?

வட்டி எவ்வளவு என்று அந்தச் சகோதரியைக் கேட்டேன். "மாசம் ரண்டு வீதம் எண்டுதான் சொன்னவை" என்றார். கேட்க எவ்வளவு சிறியதாக இருக்கிறது! நான் கணக்கு வாத்தியார் அல்ல. ஆனாலும் பாருங்கள். 50,000 ரூபாவுக்கு மாதம் 2 வீதம் என்றால் ஒரு வருடத்துக்கு 12,000. மொத்தம் 62,000. 52 கிழமையாகப் பிரித்தால் கிழமைக்கு ஏறக்குறைய 1,190 ரூபா. ஆறு மாதம் கட்டி முடித்தபோது முதலில் பாதி அவர் கையை விட்டுப் போய்விட்டது, அவரிடம் மிச்சமிருப்பது 25,000தான். ஆனால் வட்டி மட்டும் கடைசிக் கிழமைவரை முழு 50,000க்கும் அறவிடப்படுகிறது. குறைந்து வரும் மீதிக்கு என்று கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 40 வீதத்தைத் தாண்டும். 24 என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இது நடுத்தரமான கணக்கு. 2018 செப்டம்பரில் இலங்கைக்கு வந்து பார்த்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, 220 வீதம்வரை வட்டி வாங்கப்படுவதாகச் சொன்னார். தவணை கட்ட முடியாத பெண்களிடம் வசூலிக்க வந்த சிலர் பணத்துக்குப் பதிலாக வேறு எதைக் கேட்டார்கள் என்பதையும் சொன்னார். குடும்பப் பத்திரிகையில் அதற்கு மேல் எழுத என் பேனா கூசுகிறது. அதே வருடம் அரசு, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில் நிலுவையில் நின்றவற்றைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அதோடு துன்பம் முடிந்துவிடவில்லை. 2021 மார்ச் 8இல், மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்தில் ஹிங்குராக்கொடவில் சிங்களச் சகோதரிகள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்தார்கள். 55 நாட்கள் உட்கார்ந்தார்கள். நீர்வேலித் தமிழ்ப் பெண்ணுக்கும், புத்தளத்து முஸ்லிம் பெண்ணுக்கும், ஹிங்குராக்கொடச் சிங்களப் பெண்ணுக்கும் ஒரே நெஞ்சிடிதான்.

இப்போது அந்த நெஞ்சிடியைப் பற்றிப் பேச வேண்டும்.

மௌலவி என்பதால் ஓதிப் பார்க்கச் சொல்லி என்னிடம் பெண்களை அழைத்து வருவார்கள். தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகளைக் காரணமில்லாமல் அடிக்கிறாள், யாரோ செய்வினை செய்துவிட்டார்கள், கண்ணூறு, ஜின் என்பார்கள். நானும் ஓதித் தண்ணீர் கொடுத்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் சில வருடங்களாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கூட வந்தவர்களைச் சற்றுத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, உம்மாவையோ ராத்தாவையோ மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "உங்களுக்குக் கடன் ஏதும் இருக்கா?" என்று கேட்பேன். கேட்டவுடன் அழுதுவிடுவார்கள். கணவருக்குத் தெரியாத கடன், மகளின் கலியாணத்துக்கு எடுத்த கடன், தங்கைக்காகக் கையெழுத்துப் போட்ட கடன். ஜின்னுக்குக் கிழமை நாள் தெரியுமா, சகோதரிகளே? தவணைக்கு முந்திய இரவு மட்டும் பிடிக்குமா?

நபி (ஸல்) அவர்கள் கேட்டு வந்த ஒரு துஆ ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. உங்களில் பலருக்கு மனனம். அதில் கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடுகிறார்கள். அதே துஆவில், அதே மூச்சில், கடனின் சுமையிலிருந்தும் மனிதர்களின் அடக்குமுறையிலிருந்தும் பாதுகாப்புத் தேடுகிறார்கள். மனத்தின் நோயையும் கடனையும் ஏன் ஒரே வரிசையில் வைத்தார்கள் என்பது அந்த நீர்வேலி முற்றத்தில்தான் எனக்கு விளங்கியது.

இதை ஆராய்ச்சிக்காரர்களும் இப்போது அளந்து பார்த்திருக்கிறார்கள். தென்னாபிரிக்காவில் அதிக வட்டிக்குச் சிறு கடன் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், கடன் கிடைத்தவர்களிடம் மன அழுத்தம் கூடியிருந்தது. மனச்சோர்வு சற்றுக் குறைந்தது ஆண்களிடம்தான், பெண்களிடம் இல்லை.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கல்கத்தா ஆய்வு. எரிக்கா ஃபீல்ட், ரோகினி பாண்டே முதலிய பொருளியல் ஆய்வாளர்கள் செய்தது, 2012இல் வெளிவந்தது. கடன் எடுத்த பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் கிழமைக்கொரு தரம் கட்ட வேண்டும், மறுபகுதியினர் மாதத்துக்கொரு தரம். வேறு பெரிய வித்தியாசம் கிடையாது. பிறகு அடிக்கடி தொலைபேசியில் அழைத்து, கடனைப் பற்றிக் கவலையா, பதற்றமா என்று கேட்டார்கள். மாதத் தவணைப் பெண்களிடையே கவலையும் பதற்றமும் இருப்பதாகச் சொல்வது 51 வீதம் குறைவாக இருந்தது. பாதிக் கவலை, சகோதரிகளே! ஒரு ரூபா தள்ளுபடி செய்யாமல், அவகாசத்தை மட்டும் மாற்றியதால்.

"அவகாசம் கொடுத்தால் கட்டாமல் விட்டுவிடுவார்களே" என்று கேட்பீர்கள். எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் ஒரு ஹாஜியார் இதைத்தான் கேட்டார். அதையும் அதே கல்கத்தாவில் பார்த்திருக்கிறார்கள். மாதத்துக்கொரு தரம் கட்டியவர்களில் கட்டத் தவறியோர் கூடவில்லை என்று 2008இலேயே எழுதிவிட்டார்கள்.

ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்க 2012 ஆயிற்று. கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், விட்டுக்கொடுத்துத் தர்மமாக்கினால் அது மேலும் நல்லதென்றும் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனத்தில் இருக்கிறது. வட்டியைக் கண்டிக்கும் வசனங்களை அடுத்தே அது வருகிறது. நாங்கள் மிம்பரில் முன்னதை ஓதிவிட்டு, பின்னதுக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று இறங்கிவிடுகிறோம்.

இங்கே என் பிழையையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு பெண்கள் பயானில் வட்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். கடனோடு மௌத்தானவருக்கு நபியவர்கள் ஜனாஸா தொழுவிக்கத் தயங்கியதையும், அபூ கதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்றபிறகே தொழுவித்ததையும் உருக்கமாகச் சொன்னேன். முடிந்ததும் ஒரு ராத்தா திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "மௌலவி, அப்ப எங்கட நிலைமை என்ன? நாங்க எங்க போய் வட்டியில்லாம இருபதாயிரம் எடுக்கிற?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அல்லாஹ் போதுமானவன் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த வார்த்தை உண்மை. ஆனால் நான் அதை ஒளிந்துகொள்ளத்தான் பயன்படுத்தினேன். ஏற்கனவே தூக்கமில்லாதவருக்குக் கப்ரின் பயத்தையும் கூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நான் தூங்கினேன்.

அந்த வரலாற்றின் மறுபாதியை அன்று நான் சொல்லவில்லை. பின்னர் பொருள் வசதி வந்தபோது, கடனை விட்டுவிட்டு மரணிக்கும் முஃமினின் கடன் என்மீது, நானே அடைப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துவிட்டார்கள். அதாவது ஏழையின் கடனைச் சமுதாயத்தின் பொறுப்பாக்கிவிட்டார்கள். கடன்படுவதே இழிவு என்றும் நினைக்காதீர்கள். நபியவர்களே ஒரு யூதரிடம் கவசத்தை ஈடு வைத்து வீட்டுக்கு வாற்கோதுமை வாங்கியிருந்தார்கள்.

என் உம்மாவும் கடன்பட்டவர்தான். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தை விட்டு எங்களை வெளியேற்றியபோது எனக்கு ஒன்பது வயது. புத்தளத்தில் முகாம் வாழ்க்கை. உம்மா ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் கடைக் கடனை எழுதி வைப்பார். அரிசி, மண்ணெண்ணெய், என் பாடசாலைச் செருப்பு. ஆனால் உம்மா தூங்கினார். அந்தக் கடைக்கார நானா ஒரு நாளும் எங்கள் ஓலைக் கொட்டிலுக்கு வந்து கேட்டதில்லை. கையில் காசு வந்த அன்று உம்மா தானாகப் போய்க் கொடுப்பார், நானா கொப்பியில் கோடு போடுவார். வறுமை அந்த நீர்வேலிச் சகோதரியினுடையதை விடக் குறைவல்ல. அவர் ஒளிந்துகொள்ள வேண்டிய ஒரு கிழமை நாள் மட்டும் உம்மாவுக்கு இருக்கவில்லை.

எனவே, சகோதரிகளே, உங்கள் அயலில் ஒருத்தி இப்படி இருந்தால் முதலில் "ஏன் எடுத்தாய்?" என்று கேட்காதீர்கள். அது அவளுக்குத் தெரியும். எத்தனை இடத்தில், எவ்வளவு, எந்த நாளில் என்று பக்கத்திலிருந்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கணவருக்குத் தெரியாமல் இருந்தால், நம்பிக்கையான ஒருவரை வைத்துச் சொல்ல வையுங்கள். ஒன்றை அடைக்க இன்னொன்று எடுக்கப் போகும்போது கையைப் பிடித்து நிறுத்துங்கள். தூக்கமின்மை கிழமைக் கணக்கில் நீண்டால், இருந்து பயனில்லை என்ற பேச்சு அவள் வாயில் வந்தால், தனியே விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் மனநல சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். ஊர் என்ன சொல்லும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, ஓதுவதும் செய்வோம், மருந்தும் எடுப்போம்.

ஸகாத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகளும் உண்டு என்று அத்தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனத்தில் இருக்கிறது. ஆனால் பல ஊர்களில் ஸகாத் என்றால் 27ஆம் கிழமை இரவுக்கு முன் வரிசையில் நிறுத்திச் சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பதாகவே இருக்கிறது. நூறு பேருக்குச் சிறு தொகை கொடுப்பதை விட, மஹல்லாவில் ஐந்து பெண்களின் கடனை முழுதாக அடைத்து, அந்தக் கடன் அட்டையை அவர்கள் கையில் கொடுத்தால் என்ன? இதை உங்கள் வீட்டு ஆண்களிடம் கேளுங்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் என் பேச்சை விட உங்கள் பேச்சைத்தான் கேட்பார்கள்.

கர்ழ் ஹஸன், அதாவது வட்டியில்லா அழகிய கடன், ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களும் உண்டு. பாகிஸ்தானில் லாஹூரில் 2001இல் டாக்டர் அம்ஜத் ஸாகிப் அஃகுவத் என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் கடன் ஒரு விதவைப் பெண்ணுக்குப் பத்தாயிரம் ரூபா. கடனை அலுவலகத்தில் வைத்துக் கொடுப்பதில்லை. பள்ளிவாசலில் வைத்துக் கொடுப்பார்கள், தேவாலயத்தில் வைத்தும் கொடுத்திருக்கிறார்கள். மதம் பார்ப்பதில்லை. அந்தப் பணிக்காக 2021இல் அவருக்கு மக்ஸேஸே விருது கிடைத்தது. அவ்வளவு பெரிதாக நாங்கள் செய்ய வேண்டியதில்லை. நம் பெண்கள் பிடியரிசி சேர்த்தவர்கள், ஏலம் விடாமல் குலுக்கிச் சீட்டுப் பிடிக்கத் தெரிந்தவர்கள். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் இன்றும் இருக்கின்றன. அங்கும் வட்டி உண்டு, ஆகவே முஸ்லிம் சகோதரிகளுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் அங்கத்தவர்களே சங்கத்துக்குச் சொந்தக்காரர் என்ற அந்த ஏற்பாட்டில் நாம் படிக்க வேண்டியது இருக்கிறது.

பெருநாள் முடிந்து பத்தாம் நாள், நானும் பாடசாலையில் என்னோடு படிப்பிக்கும் இரண்டு ஆசிரியர்களும் நீர்வேலிக்குப் போனோம். ஸகாத் பணம் அல்ல, எங்கள் சொந்தப் பணம். பெரிய தொகையும் அல்ல. அவருடைய மூன்று கடனில் ஆகச் சிறியதை முடிக்கவும், புதிதாக வாழைக்குட்டி வைக்கவும் போதுமானது. கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே நீளமான வசனம். ஆகவே ஒரு தாள் எடுத்து எழுதினோம். பக்கத்து வீட்டு அக்கா சாட்சி.

"எந்த நாளில சேர் கட்ட வேணும்?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"நீங்கள் குலை எப்ப வெட்டுவீங்கள் அக்கா?" என்று கேட்டேன்.

சித்திரை, வைகாசி என்று விரல்விட்டு எண்ணினார். மகளும் கூடவே எண்ணினாள்.

"மாசியில" என்றார்.

தாளில் மாசி என்று எழுதினோம். தேதி போடவில்லை.